ரிலே காலத்து பின்பால் எந்திரம் வீட்டில்: 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பெட்டியை மதுரை கரண்ட்டில் ஓட்டுவது எப்படி?

#1 கூடல்நகர்

காட்லீப்ங்கற அமெரிக்கக் கம்பெனியோட பின்பால், 1973, ஒருத்தர் ஆடுற மாடல். ஐசி, போர்டு எதுவும் உள்ளே கிடையாது. ரிலே, ஸ்டெப்பர் (துடிப்புக்கு ஒரு படியா நகர்ந்து எண்ணுற யூனிட்), ஸ்கோர் மோட்டார் (சுத்தும்போது புள்ளித் துடிப்பு கொடுக்கிறது), மெல்லிய உலோகப் பட்டை சுவிட்ச் மட்டும்தான். எல்லீஸ் நகர்ல தரைத்தள அறையில நிறுத்தியாச்சு. இன்னும் கரண்ட் கொடுக்கல. இப்போதைய நிலை:

டிரான்ஸ்ஃபார்மர் லேபிள்ல 115 வோல்ட், 60 சைக்கிள்னு இருக்கு. ஒயர் ரெண்டு பின், எர்த் இல்லை. இடது ஃப்ளிப்பர் (பந்தை அடிக்கிற துடுப்பு) காயில் மேல சுத்தின பேப்பர் கருகியிருக்கு. பால் எண்ணுற ஸ்டெப்பரைக் கையால தள்ளினா முன்னால போகுது, விட்டா திரும்ப வரல. சர்க்யூட் படம் முழுசா கையில இருக்கு.

எதுல ஆரம்பிக்கணும்? இங்க கிடைக்கிற சாமான்ல எது எதைச் சமாளிக்கலாம்?

#2 வைகை_மின்சாரம்

இங்க ஒரு 110 வோல்ட் ஸ்டெப் டவுன் வாங்கி மாட்டினா போதுமே. டவுன்ஹால் ரோட்டுல ரெடிமேடா கிடைக்கும். வெளிநாட்டு மிக்ஸி எல்லாம் அதுலதான ஓடுது?

#3 ரிலேகாரர்

மிக்ஸிக்குச் சரி, இதுக்குச் சரியில்லைங்க. வோல்ட் மட்டும் பார்த்தா பத்தாது, சைக்கிளையும் சேர்த்துப் பார்க்கணும்.

டிரான்ஸ்ஃபார்மர் கோர் தாங்குறது வோல்ட்டை ஹெர்ட்ஸால வகுத்த கணக்கு. 115-ஐ 60-ஆல வகுத்தா 1.92. நம்ம ஊர்ல 110-ஐ 50-ஆல வகுத்தா 2.2. ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல். கோர் நிறைவுக்குப் போயிடும் (அதுக்கு மேல காந்தம் ஏறாது), சும்மா நிக்கும்போதே உறுமும், சூடேறும். ராத்திரி பத்து மணிக்கு மேல லைன் 245-க்கு ஏறினா அந்த 110 தானே 117 ஆயிடும். அப்ப 2.34.

அதே கணக்கு வரணும்னா 96 வோல்ட் போதும். 100 வச்சா 2.0, வெறும் 4 சதவீதம்தான் கூடுதல், தாங்கும். அதனால 100-லேருந்து ஆரம்பிங்க.

#4 வைகை_மின்சாரம்

100 கொடுத்தா காயில் எல்லாம் இழுவை இல்லாமப் போகாதா? ஃப்ளிப்பர் பந்தை மேல தள்ளணுமே.

#5 ரிலேகாரர்

நியாயமான கேள்வி. ஏசி காயில்ல கரண்ட்டைத் தடுக்கிறது கம்பியோட ஓம் மட்டும் இல்லை, காந்தத் தடையும் சேர்ந்துதான். சைக்கிள் குறைஞ்சா அந்தத் தடையும் குறையும். அதனால 50 ஹெர்ட்ஸ்ல 100 வோல்ட் கொடுத்தாலும் ஏசி காயில் நினைக்கிற அளவுக்குச் சோர்ந்து போகாது. ரிலே மாதிரி ஒட்டியே நிக்கிற காயில்ல வித்தியாசமே தெரியாது.

நிஜமா சோர்வு தெரியுறது டிசி காயில்லதான். 70-கள்ல வந்த பல காட்லீப்ல பாப் பம்பருக்கு (பந்து பட்டா உதைச்சுத் தள்ளுற வட்டம்) மட்டும் தனியா ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்குறது) உண்டு. அங்க 13 சதவீத வோல்ட் குறைஞ்சா அப்படியே அடியில தெரியும். அதுக்கு வழி டிரான்ஸ்ஃபார்மர்லயே இருக்கு: காயில் பக்கம் நார்மல் டேப், ஹை டேப்னு ரெண்டு (சுத்துல வேற வேற இடத்துல எடுத்த முனை). லைன் வோல்ட் குறைஞ்ச ஊருக்குன்னே வச்சது அது. முதல்ல நார்மல்ல ஓட்டுங்க. எல்லாம் சுத்தம் பண்ணி முடிச்ச பிறகும் பம்பர் சோர்ந்து அடிச்சா மட்டும் ஹைக்கு மாத்துங்க. அழுக்கு சுவிட்ச்சை மறைக்க டேப்பை மாத்தினா காயில்தான் எரியும்.

6.3 வோல்ட் விளக்கு 5.5-ல எரியும். கொஞ்சம் மஞ்சளாத் தெரியும். பேக்கிளாஸ் (மேல் பெட்டியோட படக் கண்ணாடி) பெயிண்ட்டுக்கு அந்தச் சூடு குறையுறது நல்லதுதான்.

ஸ்கோர் மோட்டார் ஆறுல ஒரு பங்கு மெதுவாச் சுத்தும். 50 புள்ளி விழும்போது அஞ்சு தட்டும் கொஞ்சம் இழுத்து இழுத்துக் கேட்கும். கோளாறு இல்லை, விட்டுடுங்க.

#6 அவனியாபுரம்_காயில்

ரெடிமேட் ஸ்டெப் டவுன்ல பெரும்பாலானது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒரே சுத்துதான், நடுவுல ஒரு டேப். அந்தப் பொதுச் சுத்து எங்கயாவது அறுந்தா எந்திரத்துக்கு நேரா 230 போயிடும். வேண்டாம்.

காயில் கட்டுற கடையில சொல்லிக் கட்டிக்கங்க. இப்படி எழுதிக் கொடுங்க:

தனித்தனி ரெண்டு சுத்து. பிரைமரி 230. செகண்டரி 0, 95, 100, 105, 110 டேப். 750 விஏ (வோல்ட் பெருக்கல் ஆம்ப்). நடுவுல எர்த் ஷீல்டு போட முடிஞ்சா நல்லது. பிரைமரியில 5 ஆம்ப் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ். சாதா ஃபியூஸ் போட்டா ஆன் பண்ற நொடியில இழுக்கிற கரண்ட்டுக்கே போயிடும்.

ஏன் 750? 47-ஆம் எண் பல்பு ஒண்ணு 0.15 ஆம்ப், பழைய 44-ஆம் எண் 0.25 ஆம்ப். 60 பல்பு 44 போட்டிருந்தா அதுக்கே 95 வாட். ஃப்ளிப்பர் ரெண்டும் சேர்த்து அடிக்கும்போது நொடிப்பொழுது 400, 500 வாட் வரை போகலாம். 300 விஏ போட்டா ஒவ்வொரு அடிக்கும் விளக்கு மங்கும்.

சதுர அலை இன்வெர்ட்டர்ல ஓட்டாதீங்க. கரண்ட் போனா ஆட்டத்தை நிறுத்திடுங்க.

எர்த்: ரெண்டு பின் ஒயரை எடுத்துட்டு மூணு கோர் போடுங்க. பச்சை ஒயரை டிரான்ஸ்ஃபார்மர் உடம்பு, காசுக் கதவு, பக்கத்து இரும்புச் சட்டம், முன்னால கை வைக்கிற லாக் பார், நாலு கால் எல்லாத்துக்கும் தொடர்ச்சியா இழுங்க. மரப்பெட்டிங்கறதால ஒண்ணோட ஒண்ணு தானா இணையாது. முடிச்சதும் மல்டிமீட்டர்ல பிளக் எர்த் பின்னுக்கும் லாக் பாருக்கும் ஓம் பாருங்க. ஒரு ஓமுக்குள்ள இருக்கணும். வீட்டுக் குழந்தைங்க வெறுங்காலோட டைல்ஸ்ல நின்னுதான் ஆடும். இதைப் பண்ணாம ஸ்விட்ச் போடாதீங்க.

#7 ரிலேகாரர்

கரண்ட் கொடுக்கிற முன்னாடி, இந்த வரிசையில:

ஃபியூஸ் எல்லாம் கழட்டிப் பாருங்க. பக்கத்துல ஒட்டியிருக்கிற அட்டையில போட்டிருக்கிற ஆம்ப்தான் இருக்கணும். பெரிய ஃபியூஸ், வெள்ளித்தாள், கம்பி சுத்தினது எது இருந்தாலும் தூக்கிடுங்க. ஃபியூஸ் கிளிப் இறுக்கமில்லைன்னா அதுவே சூடாகும்.

அடிப்பெட்டியில விழுந்து கிடக்கிற திருகு, பல்பு, நட்டு எல்லாத்தையும் காந்தம் வச்சு எடுங்க. பேக்பாக்ஸ் (மேல நிக்கிற ஸ்கோர் பெட்டி) பிளக் ஒவ்வொண்ணையும் கழட்டி மாட்டுங்க, கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் எண் எழுதுங்க.

ரிலே எல்லாத்தையும் விரலால அழுத்தி விடுங்க. துள்ளித் திரும்பணும். சோம்பலாத் திரும்புற ரிலேயைக் குறிச்சு வைங்க.

அப்புறம் காயில் ஃபியூஸைக் கழட்டிட்டு, விளக்கு ஃபியூஸ் மட்டும் போட்டு, சீரியஸ் லாம்பு போர்டு (லைன்ல தொடரா ஒரு பல்பு வச்ச போர்டு) வழியா ஆன் பண்ணுங்க. 200 வாட் குண்டு பல்பு. ஒரு தடவை பளிச்சுன்னு எரிஞ்சு மங்கினா நல்லது. முழு வெளிச்சத்துல நின்னா எங்கயோ ஷார்ட். விளக்கு வட்டம் சரியான பிறகுதான் காயில் ஃபியூஸ்.

ஸ்டெப்பர் பத்தி: அது மெக்கானிக்கல் கோளாறு, கரண்ட்டுக்குச் சம்பந்தமில்லை. அம்பது வருஷ கிரீஸ் கெட்டியாகிப் பசை ஆயிடுச்சு. ஸ்பிரிங்கை இன்னொரு சுத்து இறுக்காதீங்க; அடுத்து முன்னால தள்ளுற காயிலுக்குப் பாரம் ஏறும். பூஜ்ஜியத்துல துடைப்பான் விரல் எந்த ரிவிட் மேல நிக்குதுன்னு போட்டோ எடுத்துட்டு, கழட்டி, தண்டையும் புஷ்ஷையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, தண்டுல ஊசிமுனை அளவு மெல்லிய எண்ணெய் வைங்க. பேக்லைட் தட்டோட ரிவிட்டைப் பளபளன்னு துடைச்சு, டெஃப்லான் கிரீஸ் விரல்ல தடவித் துடைச்சு எடுத்த அளவு மட்டும். கண்ணுக்குத் தெரிஞ்சா அது அதிகம்.

#8 மேலூர்_மரம்

டபிள்யூடி-40 அடிச்சா பட்டுனு விட்டுடுமே, கழட்டவே வேண்டாமே?

#9 ரிலேகாரர்

ஒரு வாரம் விட்டுடும். அப்புறம் அந்தப் படலத்துல தூசி ஒட்டி முன்னைவிட மோசமா இறுகும். சுவிட்ச் முனையில பட்டா தீப்பொறியில கருகி கரி படியும். அது எரியுற திரவம், இது தீப்பொறி விடுற எந்திரம். காயிலுக்குள்ள ஓடுற இரும்புத் தண்டுக்கு எந்த எண்ணெயும் கூடாது, அது காய்ஞ்சுதான் ஓடணும். உள்ளே இருக்கிற ஸ்லீவ் தேய்ஞ்சிருந்தா நைலான் ஸ்லீவ் மாத்துங்க.

சுவிட்ச் முனையைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா பத்துல ஒன்பது கோளாறு அங்கதான். பெரும்பாலானது வெள்ளி முனை. அதுக்கு உப்புத்தாள் கூடவே கூடாது. ஃப்ளெக்ஸ் ஸ்டோன் (மெல்லிசா வளையுற தேய்ப்புப் பட்டை) இருந்தா ரெண்டு இழுப்பு. இல்லைன்னா விசிட்டிங் கார்டு மாதிரி கெட்டித்தாளை ஆல்கஹால்ல நனைச்சு, முனையை விரலால மூடி இழுங்க. கறுப்பு வரி வர்றது நிக்குற வரைக்கும். ஃப்ளிப்பர் பட்டன், ஃப்ளிப்பர் கடைசி சுவிட்ச், பாப் பம்பர் இதுக்கெல்லாம் டங்ஸ்டன் முனை. அது கடினம், அதுக்குத்தான் மெல்லிய அரம்.

பட்டையை வளைக்கிற முன்னாடி அடுக்குத் திருகை இறுக்குங்க, முனைக்குப் பக்கத்துத் திருகை முதல்ல. நம்ம வெயில்ல இடையில இருக்கிற பேக்லைட் துண்டு சுருங்கித் திருகு தளர்ந்திருக்கும். வளைச்சுட்டு இறுக்கினா வளைச்சது வீண். திறந்திருக்கும்போது இடைவெளி ஒண்ணரை மிமீ. மூடும்போது முனை தொட்ட பிறகும் அரை மிமீ கூடத் தள்ளி, எதிர்ப்பட்டை லேசா அசையணும். அந்த உரசல்தான் முனையைச் சுத்தமா வச்சுக்கும்.

ஆனா எல்லா சுவிட்ச்சையும் ஒரே மூச்சுல சரி பண்ணக் கிளம்பாதீங்க. நூத்துக்கணக்குல இருக்கு. நல்லா இருந்த பட்டையை வளைச்சுட்டா, பழைய கோளாறோட புதுக் கோளாறும் சேர்ந்து படத்துல தேட முடியாமப் போகும்.

#10 கூடல்நகர்

மேலே சொன்ன வரிசையில முடிச்சாச்சு. 100 வோல்ட் டேப். விளக்கு எல்லாம் எரியுது. ஸ்டெப்பர் துள்ளித் திரும்புது. ஸ்டார்ட் பட்டன் அழுத்தினா ஸ்கோர் மோட்டார் சுத்த ஆரம்பிச்சு நிக்கவே மாட்டேங்குது. ஸ்கோர் காட்டுற ரீல்ல ஆயிரம் ரீல் 3-லயே நிக்குது, மத்த ரீல் எல்லாம் பூஜ்ஜியம்.

#11 ரிலேகாரர்

எந்திரம் தன் வேலையைச் சரியா செய்யுது. ரீல் எல்லாம் பூஜ்ஜியத்துக்கு வந்து, பால் எண்ணுற யூனிட்டும் திரும்பினாத்தான் மோட்டார் நிக்கணும்னு கட்டியிருக்காங்க. ஒண்ணு வரல, அதனால காத்துக்கிட்டே சுத்துது.

மூணு விதமா இந்தக் கோளாறு வரும். உங்களுது போல ஒரு ரீல் நடுவுல நின்னா, அதுக்குத் துடிப்பு போகல, இல்லை போயும் இழுக்கல. ஒரு ரீல் பூஜ்ஜியத்தைத் தாண்டிச் சுத்திக்கிட்டே இருந்தா, அதோட பூஜ்ஜிய சுவிட்ச் திறக்கல. எல்லாம் பூஜ்ஜியத்துல நின்னும் மோட்டார் சுத்தினா, ஏதோ ஒரு பூஜ்ஜிய சுவிட்ச்சோ பால் யூனிட் சுவிட்ச்சோ மயிரிழையில ஒட்டிக்கிட்டிருக்கு.

இப்ப பேக்பாக்ஸைத் திறந்து, மோட்டார் சுத்தும்போதே ஆயிரம் ரீலோட தண்டைக் காய்ஞ்ச மரக்குச்சியால ஏழு தடவை தள்ளுங்க. 3-லேருந்து பூஜ்ஜியத்துக்கு ஏழு. பூஜ்ஜியம் வந்ததும் மோட்டார் நின்னா, ரீலோட பூஜ்ஜிய சுவிட்ச் திறக்குறது சரி, கோளாறு காயில் பக்கம்.

ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, காயில் லக் (ஒயர் சால்டர் வைக்கிற முனை) ரெண்டுலயும் ஓம் பாருங்க. பக்கத்து ரீல் காயிலோட ஒப்பிடுங்க, ரெண்டும் ஒரே மாதிரி வரணும். ஒண்ணுமே காட்டலைன்னா பெரும்பாலும் லக்குல ஒட்டியிருக்கிற மெல்லிய கம்பிதான் அறுந்திருக்கும். எனாமலைச் சுரண்டி மறுபடி சால்டர் வைக்கலாம். ஓம் சரியா இருந்தா, மூணாவது இடத்துல பூஜ்ஜிய சுவிட்ச் உண்மையிலேயே மூடியிருக்கான்னு பாருங்க. பூஜ்ஜியத்துல திறக்கணும், மத்த ஒன்பது இடத்துலயும் மூடணும்.

#12 கூடல்நகர்

லக்குல கம்பி அறுந்திருந்தது. சால்டர் வச்சதும் ரீல் எல்லாம் ஒண்ணா பூஜ்ஜியத்துக்கு வந்து மோட்டார் நின்னுச்சு. பந்தும் வெளியே வந்துச்சு. இப்ப பத்துகள் 90-லேருந்து 00-க்குப் போகும்போது நூறு ஏறல. இடது ஃப்ளிப்பர் காயிலும் பாக்கி.

#13 ரிலேகாரர்

பத்துகள் ரீல்ல ஒன்பதாவது இடத்துல மட்டும் மூடுற ஒரு சுவிட்ச் உண்டு. அடுத்த பத்துத் துடிப்பு அது வழியாத்தான் நூறுக்குப் போகும். அதைத் துடைச்சு, 9-ல நிறுத்தி உரசல் இருக்கான்னு பாருங்க. வேற எங்கயும் தேட வேண்டாம்.

ஃப்ளிப்பர்ல காயில் மாத்துறதுக்கு முன்னாடி அது ஏன் கருகினதுன்னு பாருங்க. உள்ளே ரெண்டு சுத்து: பெருங்கம்பி சில ஓம், மெல்லிய கம்பி பல பத்து ஓம். ஆரம்ப அடிக்குப் பெருங்கம்பி மட்டும். ஃப்ளிப்பர் மேல போய்ச் சேரும்போது கடைசி சுவிட்ச் திறந்து மெல்லிய கம்பியும் தொடர்ல சேரும், கரண்ட் குறையும், பட்டனைப் பிடிச்சுக்கிட்டே நிக்கலாம். அந்த சுவிட்ச் திறக்கலைன்னா முழுக் கரண்ட்டும் பெருங்கம்பியில நின்னு, ஒரு நிமிஷம் பிடிச்சாலே புகை வரும். ஃப்ளிப்பரைக் கையால முழுசா மேல தூக்கிப் பாருங்க: மூணு மிமீ திறக்கணும். திறக்கலைன்னா புதுக் காயிலும் அதே கதிதான். சுவிட்ச் அழுக்கா இருந்தா நேர்மாறு, காயில் எரியாது, அடி சோர்ந்து போகும்.

பிடிச்சிருக்கும்போது உர்ருன்னு அதிர்ந்தா, காயில் அடியில நிறுத்துற இரும்புல செம்பு வளையம் இருக்கான்னு பாருங்க. ஏசி அதிர்வைத் தணிக்கிறது அதுதான்.

#14 அவனியாபுரம்_காயில்

காயில் இங்கயே கட்டலாம், ஒரு எச்சரிக்கையோட. அமெரிக்கக் கம்பி எண் வேற, நம்ம கடையில சொல்ற எஸ்டபிள்யூஜி வேற. வில்லியம்ஸ் லேபிள்ல ஜி-23-750-ன்னு இருந்தா 23-ஆம் எண் அமெரிக்கக் கம்பி, 750 சுத்துன்னு அர்த்தம். அது 0.573 மிமீ. நம்ம ஊர் 23 கேட்டா 0.61 மிமீ வரும், 750 சுத்து பாபின்ல அடங்காது, ஓமும் குறையும். 24 எஸ்டபிள்யூஜி, 0.559 மிமீ, கிட்டத்தட்ட பொருந்தும். எண்ணைச் சொல்லாதீங்க, மிமீ சொல்லுங்க.

காட்லீப் லேபிள்ல ஏ-5141 மாதிரி பார்ட் எண் மட்டும்தான், சுத்துக் கணக்கு இருக்காது. எரிஞ்ச காயிலைப் பிரிக்கும்போது எண்ணியே ஆகணும். வலது பக்கக் காயில் நல்லா இருக்குல்ல, அதோட ரெண்டு ஓமையும் அளந்து எழுதி வச்சுக்கங்க, கட்டின பிறகு ஒப்பிட. கம்பி விட்டத்தை எனாமல் எரிச்சுத் துடைச்ச பிறகு மைக்ரோமீட்டர்ல அளங்க. பழைய பாபின் சூட்டுல உருகிக் கோணியிருந்தா விட்டுட்டு புதுக் காயில் வரவழைச்சுடுங்க. கோணின பாபின்ல ஸ்லீவ் இறங்காது.

#15 மேலூர்_மரம்

மத்த சாமான் எல்லாம், தெரிஞ்ச வரைக்கும்:

பந்து 1 1/16 அங்குலம், 27 மிமீ, எடை 80 கிராம். பேரிங் கடையில அதே அளவு ஸ்டீல் குண்டு உண்டு. எண்ணெயைத் துடைச்சுப் போடுங்க. பழைய பந்துல நகத்துக்குத் தட்டுப்படுற கீறல் ஒண்ணு இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க, பலகை வார்னிஷை அரம் மாதிரி அறுக்கும்.

பல்பு: பேனல் இண்டிகேட்டர்ல போடுற 6 வோல்ட், 9 மிமீ பேயனெட் அடி. ஆம்ப் பார்த்து வாங்குங்க.

கண்ணாடி: பெரும்பாலும் 21-க்கு 43 அங்குலம், தடிமன் 3/16 அங்குலம், அதாவது 4.8 மிமீ. நம்ம 5 மிமீ டஃபன்ட் சேனல்ல கொஞ்சம் இறுக்கமாப் போகும். டஃபன்ட் பண்ணின பிறகு வெட்ட முடியாது, அதனால அளவை உங்க பெட்டியில எடுங்க. சாதாக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், கை ஊன்றி ஆடுற இடம்.

கால் போல்ட்: 3/8, ஒரு அங்குலத்துக்கு 16 புரி. ஹார்டுவேர் கடையில மூணு நூல் போல்ட்னு கேட்டா பிரிட்டிஷ் புரிதான் கொடுப்பாங்க. அதுலயும் 16 புரிதான், ஆனா கோணம் வேற. ஏறும், முழுசாக் கடிக்காது. பெட்டி நூறு கிலோவுக்கு மேல. கால் போல்ட்ல சமாதானம் பண்ணிக்காதீங்க. எம்10 முடுக்கினா உள்ளே இருக்கிற தகடு கெட்டுடும்.

ரப்பர்: இதை மட்டும் பின்பாலுக்குன்னு செய்ததையே வரவழைங்க. பம்பு செட்டுக்குப் போடுற ஓ ரிங் கடினம், பந்து துள்ளாது. 3 அங்குல ஃப்ளிப்பருக்கு ஒண்ணரை அங்குல வளையம்.

மரத்தைப் பத்தி இன்னும் முக்கியம். பெட்டி பிளைவுட். சுவத்தை ஒட்டி வைக்காதீங்க, நாலு விரக்கடை இடைவெளி. கால் இரும்புதான், ஆனா பின்பக்கம் சுவத்துல தொட்டா கரையான் அது வழியா ஏறும். மொட்டை மாடி அறையிலயோ தகரக் கூரைக்குக் கீழயோ வைக்கக் கூடாது; சித்திரை வெயில்ல பேக்கிளாஸ் பெயிண்ட் செதில் செதிலா உரியும். உரிய ஆரம்பிச்சதைப் பின்பக்கம் துணியால தொடவே தொடாதீங்க, டேப்பும் ஒட்டாதீங்க.

பலகையைத் தண்ணி வச்சுத் துடைக்காதீங்க, அதுவும் போர் தண்ணி வேண்டவே வேண்டாம். வார்னிஷ் வெடிப்புல இறங்கினா மர இழை எழும்பிடும், உப்புப் பூத்து வெள்ளையா நிக்கும். நாஃப்தா தொட்டுத் துடைச்சு, அரைக்கிற பொடி கலக்காத கார்னாபா மெழுகு போடுங்க.

பல்லி, எறும்பு, எலி மூணுக்கும் பேக்பாக்ஸ் காத்து ஓட்டைக்குப் பின்னால மெல்லிய கம்பி வலை அடிங்க. ரிலே முனைக்கு நடுவுல ஒரு எறும்பு நசுங்கினாலும் அந்த சுவிட்ச் செத்தது. எலி துணி சுத்தின ஒயரை விரும்பிக் கடிக்கும். அந்துருண்டை உள்ளே போடாதீங்க, அந்த ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில வாரம் ரெண்டு தடவையாவது அரை மணி நேரம் ஆன் பண்ணி வைங்க. விளக்குச் சூடே உள்ளே ஈரத்தை விரட்டும்.

#16 கூடல்நகர்

இடது கடைசி சுவிட்ச் திறக்கவே இல்லை, பட்டை வளைஞ்சிருந்தது. சரி பண்ணி, பழைய பாபின் கோணாததால அவனியாபுரம் அண்ணன் சொன்னபடி அளந்து காயில் கட்டியாச்சு. ரெண்டு ஃப்ளிப்பரும் ஒரே சத்தத்துல அடிக்குது. ரெண்டு விஷயம் மட்டும் பாக்கி. சாய்வு எவ்வளவு வைக்கணும்? அமெரிக்கக் காசு இல்லாம ஆடுறது எப்படி?

#17 ரிலேகாரர்

சாய்வு மூணரை டிகிரி. புது எந்திரத்துக்குச் சொல்ற ஆறரையை இதுல வச்சா பந்து வேகமா இறங்கும், ஃப்ளிப்பருக்கு மேல தள்ளச் சத்து பத்தாது. இடவலம் மட்டத்தைக் கண்ணாடி மேல பார்க்காம, ஆடுற பலகை மேலயே மட்டக்கோல் வச்சுப் பாருங்க. டைல்ஸ் தரைன்னா காலுக்குக் கீழ ரப்பர் வட்டு, இல்லைன்னா ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டி நகரும். முதல்ல மட்டம், அப்புறம் டில்ட் குண்டு (பெட்டியை அதிகமா ஆட்டினா ஆட்டத்தை நிறுத்துற தொங்கு குண்டு). குண்டு வளையத்துக்கு நடுவுல நிக்கணும்.

காசுக்கு: கிரெடிட் யூனிட்ல (பாக்கி ஆட்டத்தை எண்ணுறது) பூஜ்ஜியத்துக்கு வரும்போது திறக்கிற ஒரு சுவிட்ச் இருக்கும். அந்தப் பட்டையை எப்பவும் மூடியே இருக்கிற மாதிரி லேசா வளைங்க. ஸ்டார்ட் பட்டன் எப்பவும் வேலை செய்யும். ஒயரை வெட்ட வேண்டாம், ஜம்பரும் வேண்டாம். பின்னால யாராவது பழையபடி வைக்கணும்னா வளைச்சதை நிமிர்த்தினா போதும். எந்தப் பட்டைன்னு படத்துல பென்சில்ல ஒரு வட்டம் போட்டு, தேதியோட காசுக் கதவுக்கு உள்ளே ஒட்டி வைங்க.